கூண்டு கொஞ்ச நாள் காலியாகவே இருக்கட்டும், அம்மணி

அன்புள்ள அம்மணிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். பூங்காவில் அந்தக் கிழட்டு ஆண் சிங்கம் செத்துப்போனதைச் சொல்லி வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. "வயசாயிருச்சு, போயிருச்சு கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 30 வருஷம் மாட்டாஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அன்றைக்குப் பேச வராததை இப்போது எழுதுகிறேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உன்னோடு படிக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். நீ பயிற்சிக்குப் போயிருக்கும் பூங்காவின் பேரையோ அந்தச் சிங்கத்தின் பேரையோ எங்கும் எழுதவில்லை.

19 வயது என்பது சிங்கத்துக்கு நல்ல முதுமை. காட்டில் ஆண் சிங்கம் 12 வயதைத் தாண்டுவதே அபூர்வம். இளசு ஒன்று வந்து கூட்டத்தை விட்டுத் துரத்தும், அப்புறம் தனியாக வேட்டையாடித் தின்ன முடியாமல் ஓய்ந்துவிடும். கூண்டில் இருந்ததால் அதற்குக் கூடுதல் ஆயுள் கிடைத்தது, அந்தக் கூடுதல் ஆயுளுக்கான நோவும் சேர்ந்தே வந்தது. மூட்டுத் தேய்ந்து பின்னங்காலை இழுத்து நடந்தது என்றாய். கோரைப்பல் மழுங்கிப்போய், 8 கிலோ கறியை எலும்போடு தின்ற வாய் கடைசியில் கொத்திப் போட்ட கறியில் 3 கிலோவைக்கூட முடிக்கவில்லை என்றாய். தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் கிடந்தது என்று நீ சொன்னபோதே எனக்குச் சிறுநீரகம்தான் என்று பட்டது. வயதான பூனைக் குடும்பத்துப் பிராணிகளில் அடிக்கடி முதலில் கைவிடுவது அதுதான். நீ ராத்திரி கண்விழித்து டிரிப்ஸ் ஏற்றியதில் எந்தக் குறையும் இல்லை. இதை மட்டும் மனசில் வை.

பிரேதப் பரிசோதனை முடிந்ததும் நகத்தையும் பல்லையும் எண்ணினார்கள் என்று சொல்லும்போதுதான் உனக்குக் குரல் உடைந்தது. முன்னங்காலுக்கு 5, பின்னங்காலுக்கு 4, ஆக மொத்தம் 18 நகம். கோரைப்பல் 4. எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தீ வைத்தார்கள். அதை மரியாதைக் குறைவாக நினைக்காதே கண்ணு. பெரிய பூனைகள் இறந்தால் பூங்கா இயக்குநர் முன்னிலையில் எரித்துவிட வேண்டும் என்று உயிரியல் பூங்கா விதிகளிலேயே இருக்கிறது. புலிநகம் கோத்த சங்கிலியைக் கௌரவமாகப் போட்டுத் திரிந்த காலம் நம் பக்கத்திலும் இருந்தது, என் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அந்த உடம்பில் ஒரு நகம்கூட யார் கழுத்துக்கும் போகவில்லை. செத்த பிறகும் அதற்குக் காவல் இருந்தது என்று எடுத்துக்கொள்.

சரி, நான் முக்கியமாக எழுத வந்தது அந்தக் கூண்டைப் பற்றி.

மூன்றாம் நாளே டேப் பிடித்து அளந்தார்கள், எங்கிருந்தோ ஓர் இளஞ்சோடி கொண்டுவரப் பேச்சு நடக்கிறது என்றாய். வருகிற குழந்தைகள் "சிங்கம் எங்கே" என்று கேட்கிறார்களாம், டிக்கெட் வருமானம் விழுந்துவிடுமாம். என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். அந்த இடத்தை உடனே நிரப்பக் கூடாது.

உன் அப்பாரு, அதாவது என் அப்பா, வைத்திருந்த மயிலை எருதுச் சோடியை நீ பார்த்ததில்லை, நீ பிறப்பதற்கு முந்தைய கதை. சோடியில் ஒன்று நோவு கண்டு செத்துப்போனது. மற்றது நாலைந்து நாள் அந்தப் பக்கமே முகத்தை வைத்து நின்றது, சோளத்தட்டுப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். அப்பாரு கட்டுத்தரையில் செத்த எருதின் முளைக்குச்சியைப் பிடுங்கினார். ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை வெட்டிக் குழியில் கொட்டி மூடினார். சுண்ணாம்பு தூவி அப்படியே விட்டார். அந்தச் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஊரே கிளம்பியது, அவர் போகவில்லை. "ஒத்தை மாட்டை வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணுவீங்க" என்று கேட்டவர்களிடம் "எடம் ஆறட்டும்" என்றார். ஆடி பிறந்த பிறகுதான் அதற்குச் சோடி தேடினார்.

எனக்கு அப்போது அது வீம்பாகத் தெரிந்தது. அப்புறம் துறையில் சேர்ந்து அடைப்பானையும் (ஆந்த்ராக்ஸ்) கோமாரியையும் நேரில் பார்த்த பிறகுதான் அவர் மண்ணை வெட்டி எடுத்ததன் அர்த்தம் புரிந்தது. அடைப்பான் கிருமி மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிங்கத்துக்கும் தொற்றிக்கொண்டு வருகிற கேடுகள் உண்டு. 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா பரவி நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கமும், இரண்டு வாரத்துக்குள் பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கமும் இறந்ததை நீ பாடமாகவே படித்திருப்பாய். பரிசோதனை முடிவெல்லாம் கைக்கு வந்து, தொட்டியைச் சுரண்டிக் கழுவி, மேல்மண்ணை மாற்றி, ஒரு மழையும் ஒரு வெயிலும் பட்ட பிறகுதான் அந்த இடத்தில் இன்னோர் உயிரை விட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து அடைப்பில் ஒரு கிழட்டுப் பெண் சிங்கம் தனியாக இருப்பதாகச் சொன்னாயே, சாயங்காலமானால் கர்ஜித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்கிறது என்று. நான் ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பூனை இனத்தில் கூட்டமாக வாழ்வது சிங்கம்தான். இளசு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டால் இந்த வயதில் அதற்குப் பயம்தான் மிஞ்சும். ஒரு ஜோடிக்கு வெளி அடைப்பு குறைந்தது 1,000 சதுர மீட்டர் வேண்டும் என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அளவு. நம் கணக்கில் 25 சென்ட். மாடு மேய்க்க வேலி போடும் ஒரு கொறங்காட்டில் இதைப் போல இருபது கூறு இருக்கும். நடுவில் இருக்கும் கதவைத் திறந்துவிட்டால் மிச்ச நாளுக்கு அந்தக் கிழவிக்கு அரை ஏக்கர் கிடைக்கும். ஒரு கல் கட்டடம்கூடக் கட்ட வேண்டியதில்லை. செத்தது நடந்த தடத்தில் அது மோந்து மோந்து நடக்கட்டும்.

உன் அப்பாவும் நானும் சின்னப் பையன்களாக இருந்தபோது கோயம்புத்தூருக்கு சர்க்கஸ் பார்க்கப் போனோம். கூடாரத்துக்குப் பின்னால் சிங்கங்களை அடைத்திருந்த கூண்டுவண்டிக்குள் அவை திரும்பிப் படுக்கக்கூட இடம் கிடையாது. 1998இல் சிங்கம், புலி, கரடி, குரங்கெல்லாம் வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சர்க்கஸ்களிலிருந்து மீட்ட சிங்கங்களை வண்டலூர், பன்னேர்கட்டா போன்ற மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்க, ஆசியச் சிங்கங்கள் கலந்த இனம் என்பதால் குட்டி போடவிடாமல், இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும் என்று வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாக வேண்டும் என்பதே அங்கே நோக்கம். காலிக் கூண்டை ஒரு குறையாகப் பார்க்காத ஏற்பாடும் நம் நாட்டிலேயே இருந்திருக்கிறது.

கேரளத்தில் நெய்யாறு சிங்கப் பூங்காவில் கடைசியாக இருந்த பிந்து என்ற பெண் சிங்கம் 2021இல் இறந்தது. நம் கோவை வ.உ.சி. பூங்காவில் உயிரினங்களுக்கு இடம் போதாது என்று 2022இல் அங்கீகாரத்தையே ரத்து செய்தார்கள், பிற்பாடு மான்களைச் சிறுவாணி அடிவாரக் காட்டில் விட்டார்கள். ஊர்க்காரர்கள் பலருக்கு வருத்தம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் அந்த இடத்துக்குள் அத்தனை மான் நின்றதை நினைத்துப் பார்த்தபோது, போனது நல்லதற்குத்தான் என்று தெளிந்தேன்.

குழந்தைகளுக்கு என்ன காட்டுவது என்கிறார்களே, நம் பக்கத்துக் காட்டில் சிங்கம் இருந்ததே இல்லை. மாரியம்மன் வாகனமாகத்தான் நமக்கு அதைத் தெரியும். இன்றைக்கு ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும், 2025 கணக்கெடுப்பில் 891. இதையே ஒரு பலகையில் எழுதி, அந்தச் சிங்கத்தின் படத்தை மாட்டி, பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் போட்டு, காலி அடைப்புக்கு முன்னால் வைக்கச் சொல். குழந்தைகள் நின்று படிப்பார்கள். நாம்தான் அவர்களைக் குறைத்து நினைக்கிறோம்.

புது ஜோடி வந்தே ஆக வேண்டும் என்று மேலே முடிவெடுத்தால், நீயோ நானோ தடுக்க முடியாது. ஆனால் ஒரு வேலை உன்னால் முடியும். 11 வருஷம் அதற்குக் கறி போட்ட அந்த கீப்பர் அண்ணன், எரித்த அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் இரவுக் கூண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்றாயே, அவரிடம் போய் உட்கார். எந்தச் சுவர் மத்தியானம் கொதிக்கும், எந்த மூலையில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கும், எந்த மரத்தடியில் அது பகலெல்லாம் படுத்தது, கால் நோவு வந்த பிறகு எந்தப் படியில் ஏறத் தயங்கியது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அளக்க வந்தவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நீ சொல்லவில்லை. ஒரு நோட்டில் எழுதி வாங்கு. அடுத்து எந்த உயிர் வந்தாலும் அந்த நோட்டு வேண்டும்.

அடுத்த மாதம் உன் பயிற்சி முடிகிறது, அவரையும் எங்கே மாற்றுவார்களோ. இந்த வாரமே போ. எழுதியதை எனக்கும் ஒரு நகல் எடுத்து அனுப்பு கண்ணு, படிக்க ஆசையாக இருக்கிறது.

உன் சித்தப்பா,
காங்கயம்