சுருளும் விரல்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் உன் மாணவர் பியானோ வாசிக்கும் வீடியோவும் கிடைத்தன. வலது கையில் ஸ்கேல் (சுர வரிசை) மேலேறும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருள்கின்றன. அதைச் சமாளிக்க ஆள்காட்டி விரல் விறைத்து மேலே எழும்புகிறது. வலி இல்லை, மரத்துப்போவதில்லை, சட்டைப் பொத்தான் போடும்போதும் தட்டச்சு செய்யும்போதும் கை சாதாரணமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். இத்தனையும் ஒன்று சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்டோனியாவைத்தான்: மூளையின் இயக்கக் கட்டுப்பாடு பிசகி, தசைகள் தாமாக இறுகும் நரம்புக் கோளாறு. உறுதி சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். அவரைப் பார்க்கும் வரை ஒன்று மட்டும் செய்: ‘இன்னும் சாதகம் பண்ணு, சரியாகிவிடும்’ என்று சொல்வதை இன்றே நிறுத்து.

காரணம் இதுதான். ஒரு விரலை அசைக்கும்போது பக்கத்து விரல்களின் தசைகளை மூளை அடக்கி வைக்கிறது. டிஸ்டோனியாவில் அந்த அடக்கம் பலவீனமாகிவிடுகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகி ஒன்றையொன்று இழுக்கின்றன. தொடு உணர்வுக்கான மூளைப் பகுதியில் ஒவ்வொரு விரலுக்கும் தனி இடம் உண்டு. இந்தப் பாதிப்பு உள்ள இசைக்கலைஞர்களுக்கு அந்த இடங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்திருப்பதை 1998-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆகவே சுருண்ட விரலோடு நூறு தடவை வாசித்தால் மூளை நூறு தடவை சுருளைத்தான் கற்கிறது. உழைப்பாளிகளுக்கு இது சீக்கிரம் முற்றுவது இதனால்தான்.

மருத்துவரிடம் போகும்போது கீபோர்டைக் கையோடு எடுத்துப் போகச் சொல். மேசை மேல் கையை வைத்துச் சோதித்தால் எல்லாம் இயல்பாகவே தெரியும், ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என ஸ்லோமோஷன் வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். முழங்கை வழியாகச் சுண்டு விரல் பக்கம் போகும் அல்நார் நரம்பு அங்கே அழுந்தினாலும் இதே இரண்டு விரல்கள்தான் தொல்லை தரும். ஆனால் அதில் சுண்டு விரல் பக்கம் மரத்துப்போகும், எந்த வேலையிலும் பலவீனம் தெரியும், நரம்புக் கடத்தல் சோதனையிலும் பெரும்பாலும் பிடிபடும். அதிக வாசிப்பால் வரும் தசைநார் வலி ஓய்வெடுத்தால் தணியும். டிஸ்டோனியா ஒரு மாத விடுமுறைக்குப் பிறகும் அப்படியே காத்திருக்கும்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அதே ஸ்கேலை வாசிக்கச் சொல். சிலருக்குச் சுருள் சட்டென்று குறையும். தொடு உணர்வு மாறியதும் இயக்கமும் மாறுகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். எல்லோருக்கும் இது நடக்காது, நடக்காவிட்டால் டிஸ்டோனியா இல்லை என்றும் ஆகாது.

சுருளில்லாமல் வாசிக்கக் கையை மீண்டும் பழக்கும் மறுபயிற்சிக்கு மெட்ரோனோம் (சீரான தட்டு தரும் தாளக் கருவி) அவசியம். நிமிடத்துக்கு 40-இல் தொடங்கி, ஒரு தட்டுக்கு ஒரு சுரம் வாசிக்கட்டும். அதிலும் சுருண்டால் இன்னும் கீழே இறங்கட்டும். தேட வேண்டியது சுருள் ‘கொஞ்சமாக’ இருக்கும் வேகத்தை அல்ல, அறவே இல்லாத வேகத்தை. அந்த வேகத்திலேயே இரண்டு வாரம். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். முதல் சுருள் தெரிந்த நொடியிலேயே கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டு வாரம் முடிந்த பிறகு வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டலாம், 40 என்றால் 44. சுருள் திரும்பினால் பழைய எண்ணுக்கே இறங்க வேண்டும்.

பலர் தவறுவது மூன்று இடங்களில். காதால் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒலி சுத்தமாக இருக்கும்போதே ஆள்காட்டி விரல் விறைத்து நிற்கும். அதனால் பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்துக் கையைப் பார்த்தபடி வாசிக்க வேண்டும். அடுத்து, சுருளும் விரலை மனவலிமையால் நிமிர்த்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் எதிரெதிர்த் தசைகள் இரண்டும் இன்னும் இறுகும். மூன்றாவதுதான் மிக மோசமானது: காலையில் மெதுவாகப் பயிற்சி, மாலையில் ‘கொஞ்சம் மட்டும்’ பழைய உருப்படிகள் முழு வேகத்தில். காலையில் கட்டியது மாலையில் இடிந்துவிடும்.

ஸ்பிளிண்ட் (விரலை அசையாமல் பிடித்து வைக்கும் கட்டு) பற்றிக் கேட்டிருந்தாய். சுருளும் விரலைக் கட்டி நிமிர்த்துவது அல்ல அந்த முறை. ஈடுகட்ட எழும்பும் மற்ற விரல்களை அசையாமல் வைத்து, பாதிக்கப்பட்ட விரலைத் தனியாகப் பழக்குவது. தினமும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், எட்டு நாள் தீவிரமாகச் செய்ததில் பியானோ, கிட்டார் வாசிப்பவர்களுக்குப் பலன் கிடைத்தது. காற்று வாத்தியக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. தெரிந்த சிகிச்சையாளர் கூட இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியை, ஈ.எம்.ஜி. (தசையின் மின்செயல்பாட்டைப் பதியும் சோதனை) அல்லது அல்ட்ராசவுண்ட் துணையோடு, முன்கையில் அந்த விரலை மடக்கும் தசை இழைகளில் போடுவார்கள். ஒரு வாரத்துக்குள் வேலை தொடங்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் உச்சம், மூன்று மாத வாக்கில் தேய்ந்துவிடும். சுருளை அடக்கும் அளவுக்கும் விரலைச் சோர்வாக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. எது சுருளும் விரல், எது ஈடுகட்டும் விரல் என்று தவறாகக் கணித்தால் ஊசி வேண்டாத தசையில் போய்விடும். முதல் ஊசியை வைத்து முடிவெடுக்காதே, அளவைச் சரிசெய்ய இரண்டு மூன்று சுற்று ஆகும். டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் சிலருக்கு உதவும். ஆனால் அது வாயை வறளச் செய்யும், பார்வையை மங்கவைக்கும், மறதியைக் கொண்டுவரும். மனப்பாடமாக வாசிப்பவருக்கு மறதி சின்ன விலை அல்ல.

மாணவரிடம் பொய் நம்பிக்கை கொடுக்காதே. ஓரளவு நிவாரணம் பலருக்குக் கிடைக்கிறது; பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புபவர்கள் குறைவு. கணக்கும் வாரங்களில் அல்ல, மாதங்களில், சில சமயம் வருடங்களில். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில் இதே வலது கை, இதே இரண்டு விரல்கள். இடது கைக்கென எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தார், இசைக்குழு நடத்தினார், கற்பித்தார். 1990களில் போட்டாக்ஸும் ஆழ்தசை மசாஜும் கைகொடுக்க, 2004-இல் இரு கைகளாலும் வாசித்த ஆல்பத்தை வெளியிட்டார்.

இன்னொன்றையும் அவரிடம் சொல். இது மனக்கோளாறும் அல்ல, சோம்பலும் அல்ல. தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது; ஆண்களுக்கு அதிகம், பெரும்பாலும் முப்பதுகளில். பதற்றமும் அப்பழுக்கில்லாமல் வாசிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் வேர் நரம்பு மண்டலத்தில். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டு, மருத்துவரிடம் சொல்லச் சொல்.

கையுறை போட்டு வாசித்தபோது என்ன ஆயிற்று, எந்த மெட்ரோனோம் எண்ணில் சுருள் முழுதாக நின்றது, இந்த இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது. நாற்காலியின் உயரமும் முழங்கையும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சேகர்