அதே மோல்டு என்பதால் அதே பொம்மை ஆகிவிடாது: வால்கைரி ஆர்டர் பற்றிய புகார்

குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: 1982 டகாடோகு (ஜப்பானிய பொம்மை நிறுவனம்) ஒரிஜினல் என்று விளம்பரம் செய்து விற்ற 1/55 அளவு வால்கைரி விஎஃப்-1ஜே (மாக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் ரோபோவாக உருமாறும் போர் விமானம்) பொம்மை, பாண்டாய் என்ற வேறு நிறுவனத்தின் மறுவெளியீடாக வந்தது, முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருவது.

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தளத்தில் "மாக்ராஸ் வால்கைரி, டகாடோகு, 1982, ஒரிஜினல், ஜப்பானிலிருந்து நேரடி இறக்குமதி, நிபுணர்களால் சோதிக்கப்பட்டது" என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் 42,000 ரூபாய் கட்டி ஆர்டர் செய்தேன். படத்தில் டகாடோகு பெட்டி இருந்தது. வீட்டுக்கு வந்தது டகாடோகு இல்லை, பாண்டாய் பிற்பாடு வெளியிட்டது. உங்கள் கஸ்டமர் கேருக்குப் படங்களோடு எழுதினேன், அதற்கு வந்த பதில் இது: "சார், மோல்டு ஒண்ணுதான், பொம்மையில எந்த வித்தியாசமும் இல்ல, வேணும்னா அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி தர்றோம்." தவறான பொருள் போனதைக்கூட எங்கேயோ நடந்த குழப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தப் பதிலை அப்படி விட முடியாது. பழைய பொம்மைகளை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் ஒரு நிறுவனம் "மோல்டு ஒண்ணுதானே" என்று சொன்னால், ஒன்று அவர்களுக்கு விற்கும் பொருளைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்கள். இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் எனக்கு வந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். படத்தில் காட்டிய பெட்டியும் இல்லை, உள்ளே இருக்க வேண்டிய தெர்மோகோல் தட்டும் இல்லை. குமிழிக் கவரில் சுற்றி, ஒரு சாதாரண அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். பொம்மையைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது, அவ்வளவு வெள்ளை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன வெள்ளை பிளாஸ்டிக் எல்லாமே மஞ்சளாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, இருட்டான அலமாரியில் பத்திரமாக இருந்தவை நன்றாகவே இருக்கும். ஆனால் இதில் மூட்டுகளின் ஓரத்தில்கூட ஒரு தேய்மானம் இல்லை, இறக்கையில் ஒட்டிய ஸ்டிக்கரின் முனை ஒன்றுகூடத் தூக்கவில்லை. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கிலேயே, அச்சோடு சேர்த்து, பாண்டாய் பெயர் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்? உங்கள் நிபுணர்கள் அந்தப் பொம்மையை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தாலே போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். படங்கள் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன, மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

இப்போது அந்த "மோல்டு ஒண்ணுதானே" விஷயத்துக்கு வருகிறேன். மோல்டு ஒன்றுதான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த மோல்டு யார் யார் கைக்குப் போனது என்பதுதான் இந்தப் பொம்மையின் விலை.

மாக்ராஸ் தொடர் 1982 அக்டோபரில் ஜப்பானில் மைனிச்சி தொலைக்காட்சியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. வால்கைரியை வடிவமைத்த ஷோஜி கவாமோரிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. தொடருக்குப் பணம் போட்ட ஸ்பான்சர்களில் டகாடோகு டாய்ஸும் ஒன்று. அதாவது இந்த 1/55 பொம்மை, தொடர் ஓடி முடிந்த பிறகு அதன் பேரை வைத்துக் காசு பார்க்க வந்த சாமான் இல்லை. தொடரும் பொம்மையும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வந்தவை. வரவேற்பு நன்றாக இருந்ததால்தான் 27வது பகுதியின் பெரிய போரோடு முடிந்திருக்க வேண்டிய கதை 36 பகுதி வரைக்கும் நீண்டது. (அந்தக் கடைசி ஒன்பது பகுதிகள் தேவையில்லை என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும். போர் முடிந்து பூமியே சாம்பலான பிறகு மிஞ்சியவர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் எந்த ரோபோ தொடர் உட்கார்ந்து காட்டியது?)

1984இல் டகாடோகு திவாலானது. அதோடு அந்தப் பெயரில் வால்கைரி வருவதும் நின்றது. அதனால்தான் டகாடோகு என்றால் இன்றைக்கும் இந்த விலை, இனி அவர்கள் ஒன்றே ஒன்றுகூடச் செய்யப் போவதில்லை. மோல்டு பாண்டாயிடம் போனது. 1985இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்ற பெயரில் விற்றதும் இதே மோல்டில் வந்த பொம்மைதான். ஜப்பானில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விற்ற டகாரா, பாண்டாயின் போட்டி நிறுவனம், ஆகவே அங்கே அதை அவர்களால் விற்க முடியவில்லை. கார்ட்டூனிலும் அந்தக் கதாபாத்திரத்தின் உருவத்தை மாற்றி, ஸ்கைஃபயர் என்று வேறு பெயர் வைத்துத்தான் காட்டினார்கள். பிறகு 2000களின் தொடக்கத்தில் பாண்டாய் இதே 1/55ஐ மறுபடியும் வெளியிட்டது. உங்கள் கணக்குப்படி இவை எல்லாமே ஒன்று. அப்படியானால் ஜெட்ஃபயரையும் டகாடோகு என்று போட்டு விற்கலாமா? புத்தகக் கடையில் முதல் பதிப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, பத்தாவது பதிப்பைக் கொடுத்து, உள்ளே கதை ஒன்றுதானே என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பாண்டாய் மறுவெளியீட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பாண்டாய் தன் பெயரைப் போட்டுத்தான் விற்றது, யாரையும் ஏமாற்றவில்லை. சொல்லப்போனால் கையில் வைத்து உருமாற்றி விளையாட மறுவெளியீடுதான் நல்லது, புதிய பிளாஸ்டிக், மூட்டு இறுக்கமாக இருக்கும், உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அதை மறுவெளியீடு என்று போட்டு, மறுவெளியீட்டு விலைக்கு விற்றிருந்தால் நானே இன்னொன்று வாங்கியிருப்பேன்.

எங்களுக்கு ஏன் டகாடோகு மேல் இவ்வளவு பிடிப்பு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊழியர் போனில் "எப்படியும் ஷோகேஸ்லதானே சார் வைக்கப்போறீங்க" என்றார். வால்கைரியின் உயிரே உருமாற்றத்தில்தான் இருக்கிறது. எஃப்-14 டாம்கேட்டைப் பார்த்து வடிவமைத்த போர் விமானம், இறக்கையைப் பின்னால் மடக்கலாம். இரண்டு எஞ்சின்களையும் கீழே இழுத்தால் அவை கால்களாகின்றன, நெருப்பு கக்கும் பின்வாய் விரிந்து பாதமாகிறது, எஞ்சின்களுக்கு நடுவே ஒடுங்கியிருந்த கைகள் வெளியே வருகின்றன. இது கெர்வாக், பாதி விமானம், பாதி ரோபோ. அங்கிருந்து உடலை மடித்து, வயிற்றுப் பக்கம் பதுங்கியிருந்த தலையை வெளியே எடுத்து, விமானி அறையின் மேல் கவசத்தை மூடினால் பேட்ராய்ட், முழு ரோபோ. ஒரு பாகத்தைக்கூடக் கழற்றிப் போடாமல் இந்த மூன்று உருவத்தையும் 1982இல் ஒரு பையன் கையில் கொடுத்த பொம்மை இது. பல வருஷம் கழித்து யமாட்டோ என்ற நிறுவனம் கொண்டுவந்த முதல் 1/60 அளவு வால்கைரியில்கூடக் கால்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது, அவர்களுடைய 1/48 வந்த பிறகுதான் கழற்றாமல் மாற்ற முடிந்தது. அப்படியென்றால் டகாடோகு எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறது என்று பாருங்கள்.

அழகு என்று பார்த்தால் 1/55 குண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். கால் தடிமன், கை கட்டை, தொடரில் பார்க்கும் மெலிந்த உருவம் இதில் இல்லை. யமாட்டோ 1/48 அல்லது பாண்டாயின் டிஎக்ஸ் சோகோகின் வரிசை வால்கைரி பக்கத்தில் வைத்தால் தோற்றத்தில் இது தோற்றுத்தான் போகும். ஆனால் அவற்றை உருமாற்றும்போது எங்கே எது முறியுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். இதை அப்படி இல்லாமல், உள்ளே சில இடங்களில் இருக்கும் உலோக வார்ப்பின் கனம் கையில் தெரிய, டக் டக் என்று மாற்றலாம், குழந்தைகள் கீழே போடுவார்கள் என்று தெரிந்து செய்த பொம்மை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள அனுமதி என்றால், தயங்காமல் இதைத்தான் எடுப்பேன். தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கதாநாயகன் ஹிகாரு இச்சிஜோ ஓட்டிய சிவப்புக் கோடு போட்ட வெள்ளை விஎஃப்-1ஜேவை டிவியில் பார்த்த பிள்ளைகளுக்காகச் செய்த அதே பொம்மை வேண்டும் என்றுதான் பணம் சேர்த்தேன். நீங்கள் விற்றதாகச் சொன்னது அதைத்தான். அனுப்பியது அதை இல்லை.

இன்னொரு விஷயம். என் ஒருவனுக்கு மட்டும் நடந்தது என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மாக்ராஸ் ரசிகர்கள் ஜப்பானுக்கு வெளியே பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1985இல் ஹார்மனி கோல்டு என்ற அமெரிக்க நிறுவனம் இதை வேறு இரண்டு தொடர்களோடு சேர்த்து ராபோடெக் ஆக்கியது, அதற்குப் பிறகு உரிமைச் சண்டையில் பல வருஷம் எதுவும் ஒழுங்காக வெளியே வரவில்லை, 2021இல்தான் அவர்களுக்கும் ஜப்பானிய உரிமையாளர்களுக்கும் உடன்பாடு ஆனது. அவ்வளவு காலமும் பொம்மை வேண்டும் என்றால் இறக்குமதி செய்பவரை நம்புவது தவிர எங்களுக்கு வழி இருக்கவில்லை, பழைய பொம்மைக்கு இன்றைக்கும் அதே கதிதான். அந்த நம்பிக்கையில்தான் உங்களிடம் வருகிறோம். இப்போதுதான் தொடரைப் பார்த்து முடித்த ஒரு கல்லூரிப் பையன் முதல் சம்பளத்தில் உங்களிடம் "டகாடோகு" வாங்கினால், அவனுக்கு எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாது, அதைத்தான் டகாடோகு என்று நம்பிக்கொண்டே இருப்பான், நாளைக்கு விற்கப் போகும்போது யாரோ சொல்லித்தான் அவனுக்குத் தெரியவரும். உங்கள் தளத்தில் அதே விளம்பரம், அதே பெட்டிப் படம், இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட அப்படியே இருக்கிறது. என் புகாரைப் பார்த்த பிறகும் அதை எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு வரும் கோபத்தில் பாதி.

எனக்கு வேண்டியது இதுதான். 42,000 ரூபாயும், நான் கட்டிய டெலிவரி கட்டணமும் திரும்ப வர வேண்டும், பணம் கட்டிய அதே கணக்குக்கு. தள்ளுபடி கூப்பன் வேண்டாம், உங்கள் தளத்தில் மட்டும் செலவழிக்கக்கூடிய பாயிண்ட்டும் வேண்டாம். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரத்தைத் திருத்துங்கள், டகாடோகுவா, பாண்டாயா, எந்த வருட வெளியீடு, பெட்டி உண்டா இல்லையா என்று போடுங்கள், விற்கப்போகும் அந்தப் பொம்மையையே படம் எடுத்துப் போடுங்கள், பெயர் பதிந்த இடம் தெரிகிற மாதிரி ஒரு படமாவது இருக்கட்டும். இதே விளம்பரத்தைப் பார்த்து இதற்கு முன் வாங்கியவர்களுக்கும் நீங்களாகவே தகவல் சொல்லுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கஸ்டமர் கேர் மேல் நம்பிக்கை போனதால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன். அந்தக் காலத்துக்குள் பதில் இல்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், உங்கள் ஊழியரின் பதில், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

பொம்மையை வந்த அட்டைப் பெட்டியிலேயே, இறக்கைக்கும் தலையில் உள்ள லேசர் துப்பாக்கிகளுக்கும் தனியாகப் பஞ்சு வைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். எடுக்க வருபவரிடம் கவனமாகத் தூக்கச் சொல்லுங்கள், அடுத்து அதை வாங்குபவருக்கு உடையாமல் போய்ச் சேரட்டும். என்றைக்கு ஆள் வருகிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிடுங்கள், காலை பத்து மணிக்கு முன்னால் என்றால் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட், பொம்மையின் படங்கள், கஸ்டமர் கேர் பதில்