‘ஏர் பேக் விரிந்ததால் உயிர் தப்பினர்’: செய்தியில் விடுபடும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நான்கு வழிச்சாலையை ஒட்டிய ஊர் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். விபத்தில் அடிபட்டு வரும் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்வதுதான் எங்கள் பட்டறையில் பெரும்பகுதி வேலை. தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கங்களை நாள் தவறாமல் படிப்பவன் என்ற முறையில், கார் விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். ‘ஏர் பேக் விரிந்ததால் காரில் வந்தவர்கள் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர்’ என்பதே அந்த வாக்கியம். அவர்கள் சீட் பெல்ட் அணிந்திருந்தார்களா என்பதைப் பெரும்பாலான செய்திகள் சொல்வதில்லை. விடுபடும் அந்த ஒரு வரியால் மக்கள் மனதில் தவறான எண்ணம் ஒன்று வேரூன்றிவிட்டதை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

“ஆறு ஏர் பேக் இருக்குண்ணே, பெல்ட் எதுக்கு?” என்று என்னிடமே கேட்ட வாடிக்கையாளர்கள் பலர். ஏர் பேக் மூடியின் மீது பொறித்திருக்கும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகளுக்குத் துணைப் பாதுகாப்பு அமைப்பு என்று பொருள். துணை என்று சொல்லப்படுவது எதற்கு என்றால், சீட் பெல்ட்டுக்குத்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. அந்தக் கார் எதிலாவது மோதி நின்றாலும் உள்ளே இருக்கும் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மோதலை உணர்கருவி கண்டறிந்து, வாயு உண்டாகி, பை முழுவதும் விரிவதற்கு ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் முப்பது கூறு அளவு நேரமே ஆகிறது. அதாவது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. விரிந்து முடித்த பைதான் மெத்தையைப் போல முகத்தையும் மார்பையும் தாங்கும். விரிந்துகொண்டிருக்கும் பையோ மணிக்கு 300 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் ஓங்கி அறையும். பை விரிந்து முடியும் வரை உடலை இருக்கையோடு பிடித்து வைத்திருக்கும் வேலையைச் செய்வது சீட் பெல்ட். அதை அணியாதவர், மோதுவதற்கு முந்தைய கணத்தில் பிரேக் அழுத்தும்போதே இருக்கையின் நுனிக்குச் சரிந்து, சரியாக அந்த அறையை வாங்கும் இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்.

பட்டறைக்கு வரும் வண்டியைப் பார்த்தாலே, உள்ளே இருந்தவர் பெல்ட் அணிந்திருந்தாரா என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போதைய கார்களில் பலமாக மோதிய அடுத்த கணமே பெல்ட்டைச் சுண்டி இழுத்து இறுக்கும் கருவி இருக்கிறது. அது ஒருமுறை வெடித்த பிறகு பெல்ட் அப்படியே பூட்டிக்கொள்ளும். அணிந்திருந்தவரின் பெல்ட் ஓர் ஆள் அளவுக்கு வெளியே நீண்டு, உள்ளே போகாமல் தொங்கும். அணியாதவரின் பெல்ட் கதவோரத் தூணோடு ஒட்டி இறுகிக் கிடக்கும். அப்படி இறுகிக் கிடக்கும் வண்டிகளில்தான் முன்கண்ணாடியில் தலை மோதிய சிலந்தி வலை விரிசலையும், மார்பு மோதி வளைந்த ஸ்டியரிங் வளையத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியை எடுக்க வரும் உறவினர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எங்களுக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் பழகுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைப்பது முன் இருக்கையில் மடியில் அமர்த்தப்படும் குழந்தைகள்தான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் சிறுமியாக இருந்தபோது நானே அவளை மடியில் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கொடுத்து, ஊருக்குள் வண்டி ஓட்டியிருக்கிறேன். அதுவும் ஆபத்தான செயல்தான். ஆனால் அன்றைய வண்டிகளில் ஏர் பேக் இல்லை. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான ஏர் பேக் கட்டாயமானது. முன் இருக்கைப் பயணிக்கான ஏர் பேக் 2021 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாகி, பின்னர் எல்லா மாடல்களுக்கும் விரிவானது. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் அப்படியே தொடர்கிறது. பெரியவரின் மார்பு உயரத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்ட பை, மடியில் இருக்கும் குழந்தையின் தலையிலும் கழுத்திலும் மோதும். பின்னால் பெரியவரின் உடல் அழுத்தும். 2024 டிசம்பரில் நவி மும்பையின் வாஷி பகுதியில் முன் இருக்கையில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் ஏர் பேக் விரிந்த வேகத்தில் உயிரிழந்த செய்தி நாடெங்கும் வந்தது. அந்தக் காரில் இருந்த மற்றவர்கள் பெரிய காயமின்றித் தப்பினார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

“கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்” என்று தாய்மார்கள் சொல்வார்கள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை, 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நிற்கும் கணத்தில் 150 கிலோவுக்கும் அதிகமான விசையோடு முன்னோக்கிப் பாயும். அதைப் பிடித்து நிறுத்தும் வலு எந்தக் கைக்கும் கிடையாது. இதில் தாயின் அன்பில் குறை காண ஒன்றும் இல்லை. குழந்தைகளின் இடம் பின் இருக்கை. அங்கும் அவர்களின் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில் பெல்ட்டால் கட்டியிருக்க வேண்டும். பின்னோக்கிப் பார்த்தபடி பொருத்தும் கைக்குழந்தை இருக்கையை, ஏர் பேக் இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று தெளிவாகவே சொல்கிறது. ஹெல்மெட்டுக்காக வண்டிகளை நிறுத்தும் சோதனைச் சாவடிகளில், மடியில் குழந்தையுடன் வரும் கார்களை நிறுத்தி நான் பார்த்ததில்லை. குழந்தை இருக்கை விலை கூடுதல் என்பதும், ஐந்து பேர் காரில் ஏழு பேர் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதும் உண்மையான சிரமங்கள்தான். குறைந்தபட்சம் குழந்தையை முன் இருக்கையிலிருந்து பின்னால் மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

காருக்குள் நாம் செய்துகொள்ளும் அலங்காரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுக் கார் வாங்கியதும் டேஷ்போர்டில் பிள்ளையாரையோ மாதாவையோ ஒட்டி வைப்பது நம் வழக்கம். பக்திக்குக் குறை சொல்லவில்லை. ஆனால் இடது பக்க டேஷ்போர்டில் ஏர் பேக் மூடியின் மேலேயே பசை போட்டு ஒட்டிய சிலை, பை விரியும்போது எறிந்த கல்லாகப் பாயும். செல்போன் தாங்கியும் அப்படியே. சிலையை மூடிக்கு வெளியே தள்ளி வைத்தால் போதுமானது. இருக்கையின் பக்கவாட்டில் ஏர் பேக் உள்ள கார்களுக்கு, அதற்கென வடிவமைக்காத முழு உறையைத் தைத்து மாட்டினால் பக்கப் பை விரிய வழியில்லாமல் போகும். இந்த வேலையை விவரம் அறியாத நாட்களில் எங்கள் பட்டறையிலும் சில வண்டிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறோம்; தெரிந்த பிறகு அவ்வண்டிக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து உறைகளைக் கழற்றினோம். வண்டியின் முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு மாட்டினால் மோதலின் விசை உணர்கருவிக்குச் சரியாகப் போய்ச் சேராது. 2017 டிசம்பரிலேயே அத்தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. இன்றும் அவற்றை மாட்டித் தரச் சொல்லி வருகிறார்கள்.

ஓயாமல் ஹாரன் அடிக்க வேண்டிய நம் சாலைகளில் உள்ளங்கையை ஸ்டியரிங்கின் நடுவிலேயே வைத்திருக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த மூடிக்கு அடியில்தான் பை மடிந்து கிடக்கிறது. கைகள் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று நிலைகளில் வளையத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். உயரம் குறைந்தவர்கள் இருக்கையை முன்னுக்கு இழுத்து ஸ்டியரிங்கோடு ஒட்டி அமர்வதைப் பார்க்கிறேன். அவர்கள் முதுகுச் சாய்வைச் சற்றுப் பின்தள்ளி இந்த இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளலாம்.

பெல்ட் அணிபவர்களிலும் பலர் சரியாக அணிவதில்லை. மேல்பட்டை கழுத்தை உரசுகிறது என்று அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டால் மோதலின்போது அது விலா எலும்புகளை நொறுக்கும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகள் பெல்ட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்போடும், மேல்பட்டையை மார்புகளுக்கு நடுவிலும் விட்டால் தாய்க்கும் சிசுவுக்கும் அதுவே பாதுகாப்பு. சென்னையிலிருந்து இரவில் புறப்பட்டு வரும்போது முன் இருக்கையை முழுதாகச் சாய்த்து உறங்குகிறவர், பெல்ட் போட்டிருந்தாலும் மோதும் கணத்தில் அதன் அடியில் வழுக்கிப் போவார்.

மூன்று முனைகளில் பொருந்தும் இன்றைய பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்தார். உயிர் காக்கும் பொருள் என்பதால் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி காப்புரிமை திறந்துவிடப்பட்டது. அவ்வாறு தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஒன்றை ஏமாற்றுவதற்கென்றே, எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் வெறும் கொக்கியை நம் கடைகளில் விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத் தளங்களிலிருந்து அவற்றை நீக்க உத்தரவிட்டது. கொக்கி கிடைக்காதவர்கள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அமர்கிறார்கள்.

பின் இருக்கையின் நிலை இன்னும் மோசம். வாடகைக் கார்களில் பின்பக்க பெல்ட் பொருத்தும் பூட்டு இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். கேட்டால் “பின்னாடி யாரும் போடுறதில்ல சார்” என்பார்கள். 2022ஆம் ஆண்டில் சீட் பெல்ட் அணியாமல் நாட்டில் உயிரிழந்தவர்கள் 16,715 பேர் என்றும், அதில் ஓட்டுநர்கள் 8,384 பேர், உடன் பயணித்தவர்கள் 8,331 பேர் என்றும் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழப் பாதிப் பேர் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி பால்கர் அருகே, விலை உயர்ந்த காரின் பின் இருக்கையில் பயணித்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபோது, அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல் துறை கூறியது. சில வாரங்கள் எல்லோரும் பேசினோம்.

கண்ணாடிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏர் பேக்கும் பெல்ட்டும் மோதிய பிறகு வேலை செய்பவை. மோதாமல் தடுப்பது கண்ணாடி. நெரிசலில் இடித்துவிடும் என்று இடது கண்ணாடியை மடக்கி வைத்தே வாகனம் ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கையைச் சரிசெய்த பிறகே கண்ணாடிகளைத் திருப்ப வேண்டும். இருக்கை நகர்ந்தால் கண்ணாடியில் தெரியும் காட்சியும் நகரும். இடது கண்ணாடி குவிந்த வகையைச் சேர்ந்தது. அதில் தெரியும் வண்டி உண்மையில் இன்னும் அருகில் இருக்கிறது. சிறிதாகத் தெரிவதால் தொலைவில் இருப்பதாக எண்ணித் தடம் மாறுவதில்தான் இரு சக்கர வாகனங்கள் அடிபடுகின்றன. நடுக் கண்ணாடியில் திருஷ்டி பொம்மையும் மாலையும் தொங்கவிட்டு, பின்கண்ணாடியை மறைக்கும் அளவுக்குச் சாமான் அடுக்கினால் அது இருந்தும் பயனில்லை. எல்லாக் கண்ணாடிகளும் சரியாக இருந்தாலும் கண்ணுக்குத் தப்பும் பகுதி உண்டு என்பதால் தடம் மாறும் முன் தலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். நிறுத்திய வண்டியிலிருந்து இறங்கும் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கதவை வலக்கைக்குப் பதில் இடக்கையால் திறந்தால், உடல் தானாகத் திரும்பிப் பின்னால் வரும் பைக்கைக் கண் கண்டுவிடும்.

என் தொழிலிலேயே நடக்கும் ஒரு தவறை மறைக்க மனம் ஒப்பவில்லை. ஏர் பேக் ஒருமுறைதான் விரியும். விரிந்த பின் பை, பெல்ட், உணர்கருவி ஆகியவற்றை மாற்ற வேண்டும். செலவு அதிகம் என்பதால் சிலர் வெறும் மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வயரிங்கில் வேலை செய்து, அவ்வண்டியைப் பழைய கார் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். அதை வாங்கும் குடும்பம் பை இருப்பதாக நம்பி ஓட்டுகிறது. பழைய கார் வாங்குவோர் சாவியைத் திருப்பியதும் ஏர் பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் எரிந்தாலும் அந்த வண்டியை நம்பக் கூடாது. விளக்கையும் ஏமாற்றியிருக்க முடியும் என்பதால், விவரம் அறிந்த மெக்கானிக்கிடம் கருவி பொருத்திச் சோதிப்பது நல்லது. போக்குவரத்துத் துறையும் விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பெயர் மாற்றும்போது இச்சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதுக் காரை ஒப்படைக்கும்போது மாலை போட்டு, கேக் வெட்டிப் படம் எடுக்கும் விற்பனை நிலையங்கள், குடும்பத்தினர் எல்லோரையும் உள்ளே அமர்த்திப் பெல்ட்டையும் கண்ணாடியையும் சரிசெய்து காட்டப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

தங்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறியது. இனி கார் விபத்துச் செய்தி வெளியிடும்போது, ‘ஏர் பேக் விரிந்தது’ என்பதோடு, உள்ளே இருந்தவர்களில் யார் யார் பெல்ட் அணிந்திருந்தார்கள், குழந்தை எந்த இருக்கையில் இருந்தது என்ற இரண்டு விவரங்களையும் காவல் நிலையத்தில் கேட்டு எழுதுமாறு தங்கள் நிருபர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கார் பட்டறை உரிமையாளர்,
மதுரை மாவட்டம்.