பெண்டெலிக்கு அரை நாள்

அன்புள்ள சேகர்,

ஏதென்ஸ் டிக்கெட் போட்டாச்சு என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அக்ரோபோலிஸ் குன்றை எப்படியும் பார்ப்பாய். அரை நாள் மிச்சம் பிடித்து, அங்குள்ள கோயில்களின் பளிங்குக் கல் பிறந்த பெண்டெலி மலைக்கும் போய் வா. நகரத்துக்கு வடகிழக்கே, 1,109 மீட்டர் உயரம். பழைய குவாரிகள் தெற்குச் சரிவில் இருக்கின்றன. ஸ்பிலியா என்று கேள்.

குவாரிச் சுவரைக் கிட்டே நின்று பார், உளி கொத்திய வரிகள் இன்னும் தெரியும். வேண்டிய கட்டியைச் சுற்றிக் குறுகலாகப் பள்ளம் வெட்டி, அடியில் ஆப்பு அடித்துப் பெயர்ப்பார்கள். கல்லுக்குள் மெல்லிய மைக்கா இழைகள் ஓடும். இழை போகிற வாக்கிலேயே பிளந்தால் சுலபமாக வரும். அது கட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பின்னால் விரிசல் விடுவது அங்கேதான்.

இறக்குவதுதான் பெரும்பாடு. ஒரு கன மீட்டர் பளிங்கு சுமார் 2.7 டன். கல் பாவிய சரிவில் மரச்சட்டத்தின் மேல் ஏற்றிச் சறுக்க விடுவார்கள். அது தானாகவே ஓடப் பார்க்கும். பிடித்து நிறுத்தத்தான் ஆள் வேண்டும். பாதையோரம் குழிகள் இருக்கும், கவனி. அதில் கட்டை நட்டு, வடத்தைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டி.

வெட்டும்போது வெள்ளையாக இருக்கிற கல், நாளாவட்டத்தில் தேன் நிறம் ஆவது அதிலுள்ள துளி இரும்பால். கல்லைக் கெடுத்ததோ வெளியே இருந்து வைத்த இரும்பு. அக்ரோபோலிஸின் பெரிய கோயிலான பார்த்தெனானைக் கட்டியவர்கள், கற்களைக் கோக்கும் இரும்புப் பட்டையைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள், ஈரம் அண்டவில்லை. 1898-இல் பழுதுபார்க்கத் தொடங்கிய பலனோஸ் என்ற பொறியாளர் ஈயம் ஊற்றாமல் விட்டுவிட்டார். துருவேறிய இரும்பு பருத்துக் கல்லையே பிளந்தது. இப்போது டைட்டானியம் வைக்கிறார்கள். ஒட்டுக் கல் மலையின் வடபக்கம் டயோனிசோஸ் குவாரியிலிருந்து வருகிறது. தூணில் எங்கே பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதோ, அது புதுசு.

காட்டைப் பெரிதாக எதிர்பார்க்காதே. 2022 ஜூலையிலும் 2024 ஆகஸ்டிலும் அந்தப் பக்கம் தீ. அங்குள்ள அலெப்போ பைன் மரம் தீக்குப் பிறகு தானே முளைக்கும், மூடிய காய்கள் சூட்டில் வெடித்து விதை கொட்டும். ஆனால் கன்று காய்க்கும் வயதுக்கு வருமுன் மறுபடி எரிந்தால் விதைக்கு வழியில்லை, புதர்தான் மிஞ்சும்.

கோடையில் தீ அபாயம் மிகுந்த நாளில் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் போ. அடி நன்றாகப் பிடிக்கிற ஷூ போட்டுக்கொள், பளிங்குச் சில்லு வழுக்கும். ஆசையாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதே. அது தொல்லியல் இடம்.

அன்புடன்,
ராகவன்