பட்டன் இருந்தது, பிடிப்பு இல்லை

ரெடிங், இங்கிலாந்து, ஞாயிறு மாலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மா இப்போது வாக்கர் இல்லாமலே வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பாப்பாவுக்குக் கேட்ட பிரிவே கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

சிவப்பு வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். 2001 மாடல் மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார், 1.8 லிட்டர் இன்ஜின். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அக்டோபரில் ஒரு நாள் பயந்துபோனேன். சும்மா தூறல்தான். ரவுண்டானாவில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் சட்டென்று விலகி, வண்டி குறுக்கே நின்றுவிட்டது. பக்கத்து லேனில் யாரும் இல்லாதது என் நல்ல நேரம்.

வீட்டுக்கு வந்ததும் டயரை அளந்தேன். பட்டன், அதாவது தரையில் படும் பக்கத்தில் இருக்கும் பள்ளம், 5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது. இங்கே சட்டத்துக்கு 1.6 இருந்தால் போதும். பிறகு ஏன் வழுக்கியது? டார்ச் அடித்துப் பக்கச்சுவரைப் பார்த்தேன். ‘டாட்’ என்ற எழுத்துகள் இருக்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கம் 2311. அதாவது 2011-ம் வருடம் 23-ம் வாரம் செய்த டயர். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இறுகிக் கிடந்தது. பட்டன்களுக்கு நடுவே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு டயர் தேய்ந்து போவதில்லை மாப்ளே, வயசாகித்தான் போகிறது. வண்டி வாங்கும்போது பட்டனை மட்டும் பார்த்துவிட்டு வருஷத்தைப் பார்க்காமல் விட்டது என் தவறு.

கையில் இருந்தது 300 பவுண்டு. நான்கு டயர் வேண்டும். முதலில் பழைய டயர் கடைக்குப் போனேன். பெரிய பெயர் போட்ட டயர், ஒன்று 20 பவுண்டுதான் என்றார்கள். இந்த நாட்டில் பழைய டயர் விற்கலாம், ஆனால் பட்டன் 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், பயன்படுத்தியது என்று டயரிலேயே முத்திரை இருக்க வேண்டும். ஒன்றிலும் முத்திரை இல்லை. ஒன்றை உருட்டி உள்பக்கம் பார்த்தால், பக்கச்சுவரை ஒட்டிய ஓரத்தில் பஞ்சர் ஒட்டு. அங்கே போட்ட ஒட்டு நிற்காது. பேசாமல் திரும்பிவிட்டேன்.

பெரிய பெயரில் புதிதாக வாங்கினால் நான்குக்கும் 400-ஐத் தாண்டியது. பெயரே கேள்விப்படாத டயர் 45-க்குக் கிடைத்தது. ஆனால் லேபிளில் ஈரத்தில் நிற்பதற்குப் போட்டிருந்த எழுத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கடைசியில் யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் 5 வாங்கினேன், ஒன்று 63 பவுண்டு. ஐரோப்பாவில் அந்த கம்பெனி 1979-லிருந்து கான்டினென்டலின் கையில்தான் இருக்கிறது. லேபிளில் ஈரப்பிடிப்புக்கு ஏ, இருப்பதிலேயே உயர்ந்த எழுத்து. இங்கே வருஷம் முழுக்க மழை. என் வண்டியோ ஒரு டன் சொச்சம்தான், 140 சொச்சம் குதிரைசக்தி. ரேஸ் டயர் எனக்கு எதற்கு? நின்றால் போதும்.

அளவு 195/50 ஆர் 15, 82 வி. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த எழுத்தில் இறங்கவே கூடாது. மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 15 அங்குல ரிம்முக்கு டயர் மலிவு. அழகுக்காக 17 அங்குலம் மாட்டியவர்கள் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். என் வண்டிக்குப் பழைய ரிம்மே இருந்தது பெரிய உதவி.

மாட்டுகிற பையனிடம், ரிம்மில் ஏற்றும் முன்பு நான்கிலும் தேதியைக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினான். எல்லாம் போன வருஷத்துச் சரக்கு. ஆனால் காற்றை 34 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டான். கதவோரத்து ஸ்டிக்கரில் 26 என்றுதான் இருக்கிறது. எடை குறைந்த வண்டி, அவ்வளவுதான் வேண்டும். வீட்டில் இறக்கி ஓட்டியதும் வண்டியே வேறு மாதிரி ஆகிவிட்டது, குழியில் விழுந்தால்கூட உதறவில்லை. பேலன்சிங், வால்வு எல்லாம் சேர்த்து 312 ஆனது. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன். அடியில் போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

முதல் 100 மைல் நிதானமாக ஓட்டினேன். புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். நேற்று நல்ல மழையில் அதே ரவுண்டானாவுக்குப் போனேன். பின்பக்கம் அசையவே இல்லை.

சரி, இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உன் அப்பாவின் கான்டசா கார். அதுவும் ஷெட்டிலேயே நிற்கிற வண்டிதானே. பொங்கலுக்கு அம்மாவை அதில்தான் பழனிக்குக் கூட்டிப் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். இன்றைக்கே ஷெட்டைத் திறந்து, நான்கு டயரிலும் அந்தக் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்து எனக்கு எழுது. ஸ்டெப்னியையும் விட்டுவிடாதே. ஒருவேளை இரண்டுதான் இப்போது வாங்க முடியும் என்றால், புதிதைப் பின்பக்கம் போடு; பின்பக்கம் விலகினால் என் வண்டி மாதிரி குறுக்கே திரும்பிவிடும்.

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு,
என்றும் உன் நண்பன்