காசிமேடு விசைப்படகு உரிமையாளர்களுக்கும் டிரைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கு,

வணக்கம். இந்த மடலை மீன்வளத் துறைக்கு எழுதியிருக்கலாம், வனத் துறைக்கும் எழுதியிருக்கலாம். அங்கே மனு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வலையை எங்கே இறக்குவது, எப்போது தூக்குவது என்று முடிவு செய்பவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

2025 ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது உங்களுக்கே தெரியும். ஆயிரத்தைத் தாண்டியது என்று செய்திகள் வந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கோவளத்திலிருந்து எண்ணூர் வரை கரையில் குழி தோண்டிப் புதைப்பதே வேலையாக இருந்தது.

நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரியில் ஆமைக்கூடு தேடி நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. மாணவர்கள் 1988-இல் தொடங்கிய வேலை இது, இன்னும் நடக்கிறது. அந்த மாதம் நாங்கள் பார்த்த பல உடல்களில் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது, மூக்கில் ரத்தம் உறைந்திருந்தது. படகு விசிறி அடித்தும் ஆமை சாகும், அதை மறுக்கவில்லை. அப்படிச் செத்ததன் ஓடு வெட்டுப்பட்டிருக்கும். இவை மூச்சு முட்டிச் செத்தவை.

ஆமைக்கு நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். வலைக்குள் மாட்டினால் பதறி நீந்தும், அடக்கி வைத்திருந்த மூச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். இழுவலையை இறக்கினால் இரண்டு, மூன்று மணி நேரம் இழுக்கிறீர்கள். அவ்வளவு நேரம் அது தாங்காது.

கடலில் நாலா பக்கமும் இடம் இருக்க, ஏன் கரைக்குப் பக்கத்திலேயே இவ்வளவு மாட்டுகின்றன? ஜனவரியிலிருந்து முட்டையிடும் காலம். பெண் ஆமைகள் இணைந்தபிறகு முட்டை முற்றும்வரை கரையோரத் தண்ணீரிலேயே காத்துக் கிடக்கின்றன. நல்ல இறாலும் அங்கேதான் கிடைக்கிறது. டீசல் விலையில் தூரம் போவதற்கு யோசிக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுக்கு 3 கடல் மைலுக்கு உள்ளே இடம் தரவில்லை. ஆமை முட்டையிடும் பகுதிகளில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த எல்லைக்குள் நீங்கள் இழுவலை இழுத்தால் ஆமை மட்டுமா சாகிறது? ஊரூர் குப்பத்து ஃபைபர் படகுக்காரர் கடன் வாங்கிப் போட்ட வலையும் அறுந்து போகிறது. அவரும் உங்கள் சாதிசனம்தான், உங்கள் கடல்தான்.

குஞ்சு பொரிப்பகம் இருக்கிறதே, வருஷா வருஷம் இத்தனை குஞ்சுகளைக் கடலில் விடுகிறீர்களே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கணக்கைப் பாருங்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். ஆயிரம் குஞ்சில் ஒன்று பிழைத்துப் பெரிதானால் பெரிய விஷயம் என்கிறார்கள். அந்த ஒன்றும் தாயாகிக் கரையேறப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். உங்கள் வலையில் ஒரு தாய் ஆமை மூழ்கினால், நாங்கள் பத்துக் கூடு காப்பாற்றியதும் போச்சு, அத்தனை வருடமும் போச்சு. கரையில் நாங்கள் என்ன செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

வழி இல்லாமலில்லை. ஆமை தப்பிக்கும் கருவி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீன் சேரும் வலைப்பையான மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம், அவ்வளவுதான். இறாலும் மீனும் கம்பி இடைவெளியில் புகுந்து மடிக்குப் போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி வாசல் வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்குத் தோதாக ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மீன் தப்பிவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் இந்தக் கருவி இல்லை என்பதற்காகவே 2019-இல் அமெரிக்கா நம் கடல் இறாலுக்குக் கதவடைத்தது. அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குஜராத்தில் வெராவல் பக்கம் திமிங்கலச் சுறாவை எண்ணெய்க்கும் கறிக்கும் வேட்டையாடிக் கொண்டிருந்தார்கள். 2001-இல் அது வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்ந்தது. நம் ஆமையும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. சட்டம் போட்டதோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மீனவர்களிடம் போய்ப் பேசினார்கள், அறுத்த வலைக்கு அரசு பணம் கொடுத்தது. வேட்டையாடிய அதே ஆட்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களுக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்? இங்கேயும் கருவியை இலவசமாகத் தர வேண்டும், வலை சேதத்துக்கு ஈடு தர வேண்டும் என்று அரசிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாங்களும் கூட நின்று கேட்போம்.

அப்புறம், இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம். வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடாதீர்கள். பாதி நேரம் மயக்கமாக இருக்கலாம்; அப்படியே தள்ளினால் மூழ்கிச் செத்துவிடும். வயிறு கீழே இருக்கும்படி நிழலில் போட்டு, பின்பக்கத்தை அரை அடி உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். வயிற்றில் போன தண்ணீர் அல்ல, நுரையீரலில் போன தண்ணீர் வடிய வேண்டும், அதற்குத்தான். ஈரச் சாக்கை முதுகில் போடுங்கள், மூக்கை மூடாமல். தெளிய ஒரு நாள்கூட ஆகலாம். தெளிந்தபின் இன்ஜினை நியூட்ரலில் வைத்து, வலை தண்ணீரில் இல்லாதபோது மெதுவாக இறக்கி விடுங்கள். பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வலை பழுது பார்ப்பீர்கள். அந்த நாட்களில் உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒதுக்குங்கள். முதலில் முன்வரும் பத்துப் படகுகளாவது கருவியைப் பொருத்திக் கடலுக்குப் போகட்டும். எவ்வளவு மீன்பாடு குறைகிறது, குறைகிறதா என்பதை நீங்களே எழுதி வையுங்கள். குறை இருந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்கு உங்களோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
பெசன்ட் நகரிலிருந்து உங்கள் தங்கை ஒருத்தி