திரும்பி வருவதற்கான டிக்கெட்

மெல்பேர்ண்,
ஏப்ரல் 12

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் நோவினால் அம்மா காலை நடையைக் குறைத்துவிட்டாள், மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "ஏப்ரல் 25 வருகிறதே, நீ அவுஸ்திரேலியாக்காரி, எங்கேயும் போகவில்லையா?" என்று அங்கே பிரான்ஸில் உன்னோடு வேலை செய்பவர் கேட்டதாகச் சொன்னாய். பிறகு என்னிடம், "அது எங்களுடைய யுத்தமும் இல்லை, எங்களுடைய ஆட்களும் இல்லையே அப்பா" என்றாய். நான் பேசாமல் இருக்கவும் அம்மா தொலைபேசியை வாங்கி, என்ன சமைத்தாய் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பேச வராதது எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் சென்ட் கில்டா வீதியில் டிராம் ஓட்டினேன். வருடத்தில் ஒரு நாள், யுத்தங்களில் இறந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்களை நினைக்கும் ஏப்ரல் 25, ஆன்ஸாக் நாளன்று, விடியுமுன்னரே டிராம் நிறைந்திருக்கும். கறுப்புக் கோட்டுகள், நித்திரை கலையாத பிள்ளைகள், இறந்தவர் நினைவாகச் சட்டையில் செருகிய ரோஸ்மேரிக் கொப்பு. யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். நினைவாலயத் தரிப்பிடத்தில் அத்தனை பேரும் இறங்கி இருட்டுக்குள் நடப்பார்கள். முதல் வருடம் ஒன்றைக் கவனித்தேன். சிலர் பதக்கங்களை இடது பக்கம் குத்தியிருந்தார்கள், சிலர் வலது பக்கம். என் கதவடியில் நின்ற ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். தான் பெற்ற பதக்கம் என்றால் இடது பக்கம், இறந்துபோன உறவினருடையது என்றால் வலது பக்கம் என்றார். அவருடையது வலது பக்கம் இருந்தது. அப்பாவின் அண்ணனுடையதாம். முதலாம் உலக யுத்தத்தில், பிரான்ஸில் ஃப்ரொமெல் என்ற ஊரில், 1916இல் போனவர். உடல் கிடைக்கவில்லை. "அவன் செத்துப்போனான் என்று என் பாட்டி சாகும்வரை ஒருநாளும் தன் வாயால் சொல்லவில்லை" என்றார்.

அன்று முழுக்க எனக்கு உன் அப்பம்மாவின் ஞாபகமாகவே இருந்தது. சித்தப்பா 1990இல் சைக்கிளில் வெளியே போனவன், வரவில்லை. அது உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று, அவனுடைய படத்துக்கு மாலை போட அப்பம்மா கடைசிவரை யாரையும் விடவில்லை என்பது. எட்டுச்செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, ஆட்டத்திவசம் வைக்கத் திதி தெரியாது. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன் நான். இந்த ஊரிலும் அப்படி வீடுகள் இருந்திருக்கின்றன என்பதை அந்த டிராமில்தான் அறிந்தேன். அதன் பிறகுதான் ஃப்ரொமெல் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

நீ இருக்கும் லீல் நகரத்திலிருந்து ஃப்ரொமெல் இருபது கிலோமீட்டருக்குள்தான். 1916 ஜூலை 19 மாலை ஆறு மணிக்கு, கோடை வெளிச்சம் பட்டப்பகல் போல் இருந்த நேரத்தில், அவுஸ்திரேலியாவின் 5வது டிவிஷனை, இரு பக்கப் பதுங்குகுழிகளுக்கும் நடுவில் கிடந்த வெளியான சூனியப் பிரதேசத்துக்குள் நடக்க விட்டார்கள். பிரான்ஸ் மண்ணில் அவுஸ்திரேலியர் இறங்கிய முதல் பெரிய சண்டை அது. 80 கிலோமீட்டர் தெற்கே பெரும் சண்டை நடந்துகொண்டிருந்த சொம் போர்முனைக்கு ஜேர்மனியர் ஆட்களை அனுப்பாமல் இங்கேயே கட்டிவைப்பதுதான் நோக்கம். எதிரே மேட்டில் ஜேர்மனியரின் இயந்திரத் துப்பாக்கிகள் சேதமில்லாமல் இருந்தன. வெளியின் சில பகுதிகள் 400 மீட்டர் அகலம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மறுநாள் காலைக்குள் 5,533 அவுஸ்திரேலியர் இறந்தோ, காயமுற்றோ, பிடிபட்டோ போனார்கள். இறந்தவர்கள் மட்டும் 1,900க்கு மேல். விக்டோரியாக்காரர்களின் 60வது பட்டாலியன் 757 பேரை இழந்தது. அவர்களுடைய தளபதி எலியட், இது படுகொலையாக முடியும் என்று முன்னரே எச்சரித்தவர். மிஞ்சித் திரும்பியவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். பிரித்தானியத் தலைமையகமோ, சில முக்கியமான திடீர்த் தாக்குதல்கள் நடந்தன, 140 ஜேர்மனியர் பிடிபட்டனர் என்று அறிவித்துவிட்டு அமைந்தது. மெல்பேர்ணில் பத்திரிகை பார்த்த தாய்மாருக்கு அதற்குமேல் என்ன விளங்கியிருக்கும்? எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அந்த அறிவிப்பில் வயிறு எரிகிறது.

காயப்பட்டவர்கள் வெளியில் கிடந்து கத்தினார்கள். அவர்களைத் தூக்கக் கொஞ்ச நேரம் சண்டையை நிறுத்தலாம் என்ற பேச்சு எழுந்தது. மேலிடம் மறுத்துவிட்டது. ஆகவே சிப்பாய்களே இரவிரவாக ஊர்ந்து போய்த் தூக்கி வந்தார்கள். மேற்கு விக்டோரியாவின் கமக்காரரான சார்ஜன்ட் சைமன் ஃப்ரேசர் அவர்களில் ஒருவர். ஒருவனைத் தூக்க முயன்றபோது, கொஞ்சம் தள்ளிக் கிடந்த இன்னொருவன் "என்னை மறந்துவிடாதே, கொபர்" என்று கூப்பிட்டானாம். ஃப்ரேசர் திரும்பிப் போய்க் காவுபடுக்கைகளோடு நான்கு பேரை அழைத்து வந்து இருவரையும் கொண்டுசேர்த்தார். ஜூலை முடிவில் எழுதிய கடிதத்தில் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். கொபர் என்பது அந்தக் காலத்து அவுஸ்திரேலியர் கூட்டாளியைக் கூப்பிடும் சொல். எங்கள் ஊரில் என்றால் மச்சான்.

நினைவாலயத்துக்கு அருகே, ஒருவரை இன்னொருவர் தோளில் தூக்கிவரும் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறதே, சின்ன வயதில் அதன் பீடத்தில் ஏறி நின்று படம் எடுத்தாய். அது ஃப்ரேசர்தான். மூலச்சிலை 1998இல் ஃப்ரொமெலில் வைக்கப்பட்டது, இங்கே இருப்பது 2008இல் வந்த அதன் பிரதி. ஃப்ரொமெலுக்கு அடுத்த வருடம், 1917 மே மாதம், பிரான்ஸின் புல்கோரில் நடந்த சண்டையில் ஃப்ரேசரும் போய்விட்டார். அத்தனை பேரைத் தூக்கிவந்தவரின் உடல் கிடைக்கவில்லை. பிரான்ஸில் காணாமல் போன அவுஸ்திரேலியருக்கான வில்லேர்-பிரெத்தொனே நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

மகன் எங்கே என்று அறிய வீடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. முன்னாள் பிரதமர் அல்பிரட் டீகினின் மகள் வேரா டீகின், அப்போது இருபதுகளில் இருந்தவர், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முதலில் கெய்ரோவிலும் பிறகு லண்டனிலும் அதற்கென்றே ஒரு பணியகம் நடத்தினார். தப்பி வந்தவர்களையும் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களையும் ஒவ்வொருவராக விசாரித்து, யார் யாரைக் கடைசியாக எங்கே கண்டார் என்று எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினார்கள். அந்தக் கோப்புகள் கன்பராவில் இன்றும் இருக்கின்றன. காணாமல் போனவனின் வீட்டுக்கு ஒருவர் உட்கார்ந்து உண்மையைத் தேடி எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களுக்குத் தெரியும், பிள்ளை. அப்பம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை.

இனி லாம்பிஸ் எங்லேசோஸ். இவரைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். மெல்பேர்ணில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், கிரேக்கத்தில் பிறந்தவர். ஃப்ரொமெலில் சண்டையிட்டுத் தப்பிய கிழவர்கள் சிலரோடு பழகி, பிறகு அந்த ஊருக்கும் போனார். காணாமல் போனவர்களின் எண்ணிக்கையையும், அடையாளம் தெரியாமல் அடக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் பார்த்தார். கணக்கு உதைத்தது, நிறையப் பேர் குறைந்தார்கள். ஜேர்மனியர் தங்கள் பக்கத்தில் விழுந்தவர்களின் அடையாளத் தகடுகளை எடுத்துச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அனுப்பியிருந்தார்கள். தகட்டை எடுத்தவர்கள் உடலையும் அங்கேயே எங்காவது புதைத்திருப்பார்கள் அல்லவா? சண்டைக்குப் பத்து நாள் கழித்து எடுத்த விமானப் படத்தில், ஃபெசன்ட் வூட் என்ற சிறுகாட்டின் ஓரம் எட்டுக் குழிகள் தெரிந்தன. அதிகாரிகள் உடனே நம்பவில்லை. அவரும் விடவில்லை, வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். 2007இல் நிலத்தை ஆராய்ந்தபோது, விக்டோரியாவின் அல்பெர்ட்டன் பகுதி மக்கள் போருக்குப் போனவர்களுக்குக் கொடுத்த அதிர்ஷ்டப் பதக்கம் ஒன்று மண்ணில் கிடைத்தது. 2009இல் முழுமையாகத் தோண்டி 250 பேரை எடுத்தார்கள்.

அந்த 250 பேரில் லாம்பிஸின் பாட்டனோ மாமனோ இல்லை. கிரேக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? "எங்களுடைய ஆட்கள் இல்லையே" என்று நீ சொன்னபோது என் மனதில் வந்து நின்றது அவருடைய முகம்தான்.

எடுத்தவர்களை அதே ஊரில் புதிதாகக் கட்டிய மயானத்தில், 2010 ஜனவரியிலிருந்து ஒவ்வொருவராக, தனித்தனிப் பெட்டியில், இராணுவ மரியாதையோடு அடக்கினார்கள். கடைசி ஒருவரை ஜூலை 19ஆம் திகதி, சண்டை நடந்த அதே நாளில் வைத்தார்கள். உறவினரின் மரபணுவோடு ஒப்பிட்டு இதுவரை 170க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. தொண்ணூற்றுநான்கு வருடம் கழித்து ஒரு செத்தவீடு. கண்டேயிராத பெரியப்பனுக்காக எழுபது வயதுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். டிராமில் கண்ட அந்த மூதாட்டி அப்போது உயிரோடு இருந்தாரா, அவருடைய பெரியப்பா கிடைத்தாரா என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

தோண்டியபோது ஒரு சிப்பாயின் எச்சங்களோடு ஒரு ரயில் டிக்கெட் கிடைத்தது. ஃப்ரீமாண்டில் - பேர்த் டிக்கெட், திரும்பிப் போவதற்கான பாதி. மேற்கு அவுஸ்திரேலியாவில் துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் இடையில் ஓடும் ரயில். அரை மணி நேரப் பயணம் இருக்கும். அவ்வளவு தூரம் கப்பலேறி வந்தவன் அதை எறியாமல் வைத்திருந்திருக்கிறான். மறந்துபோய்க் கிடந்ததோ, வேண்டுமென்றே வைத்திருந்தானோ, எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனையோ ஆயிரம் டிக்கெட்டுகளைக் கண்டவன் நான். இதை வாசித்த அன்று மட்டும் எழுந்துபோய்ப் பின்வளவில் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா தேநீரைக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

யுத்தத்தை வாழ்த்துவதற்கு உன்னைப் போகச் சொல்லவில்லை. யுத்தம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 19ஆம் திகதிக்கு உத்தரவிட்டவர்களை என்னால் மன்னிக்கவும் முடியாது. ஆனால் போனவர்கள் பிள்ளைகள். இருபது, இருபத்திரண்டு வயது. இந்த மண் எங்களுக்கு வீடு தந்தது, உனக்குப் படிப்புத் தந்தது, கதவைத் தட்டும் சத்தத்துக்கு நடுங்காமல் தூங்க இரவுகளைத் தந்தது. இந்த ஊர்க்காரர் துக்கம் காக்கும் ஒருநாளில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செத்தவீட்டுக்கு அழைப்பு எதிர்பார்க்கிறவர்கள் இல்லையே நாங்கள்.

25ஆம் திகதி லீவு கிடைக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை போ. முதலில் வீசீ கோர்னர் மயானத்தைப் பார். அந்தச் சண்டையில் இறந்து அடையாளம் தெரியாமல் போன 410 பேர் அங்கே இருக்கிறார்கள், ஒருவருக்குக்கூடத் தனிக் கல் இல்லை. வெறும் புல்தரையும் ரோசாவும், பின்னால் பெயர் வெட்டிய சுவரும்தான். அதற்குப் பிறகு ஃபெசன்ட் வூட் மயானம். பக்கத்திலேயே நூதனசாலையும் இருக்கிறது. பெயர் கிடைத்தவர்களுக்கு அவர்களுடைய ஆட்கள் வருவார்கள். நீ பெயரில்லாத கல் ஒன்றின் முன்னால் நில். பூ வாங்கிக்கொண்டு போ, ரோஸ்மேரி அகப்பட்டால் இன்னும் நல்லது. தேவாரம் தெரிந்தால் மனதுக்குள் ஒன்று சொல்லு, யாரும் கோபிக்க மாட்டார்கள். சித்தப்பாவையும் அந்த இடத்தில் நினைத்துக்கொள்.

அம்மா சொல்லச் சொன்னாள்: வெட்டவெளி, காற்று அடிக்கும், காதை மூடித் தொப்பி போடு. ஊருக்குப் போகிற பஸ் நேரத்தை முன்னரே பார்த்து வை, சனிக்கிழமைகளில் குறைவாக இருக்கலாம். திரும்பிவரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடு.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எங்களுக்கு ஒரு கோல் எடு. இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா